ஒரே சுருளில்

ஜூன் 8, 2009, திங்கள்

சூசை ஸ்டுடியோவின் ஷட்டர் பாதிக்கு மேல் ஏறவில்லை. குனிந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. பிலோமினா டார்ச் அடித்து வழி காட்டினாள். புகைப்படக்காரர் மரியசூசையின் ஒரே மகள். புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியை. விருத்தாசலம் கடைவீதியில் நாற்பது வருஷம் படம் பிடித்த மனிதர் போன கார்த்திகையில் இறந்துபோனார். அவருடைய படங்களைப் புதுச்சேரியில் ஓர் ஆவணக் காப்பகம் கேட்டிருக்கிறதாம். கொடுப்பதற்கு முன் தூசி தட்டி, வருஷவாரியாகப் பிரித்து, பட்டியல் போட வேண்டும். அதற்குத்தான் என்னை அழைத்திருக்கிறாள்.

"சரிங்க மேடம்" என்றேன்.

"மேடம்லாம் வேணாங்க்கா. பிலோமினான்னே கூப்புடுங்க."

டைப்ரைட்டிங் சென்டரை மூடியபிறகு எனக்கும் பகலில் போய் உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது.

உள்ளே புளித்த காடி வாடை. பழைய ஃபிலிம் கெட்டுப்போக ஆரம்பித்தால் அப்படித்தான் வருமாம். அலமாரி முழுக்க அட்டைப் பெட்டிகள். பரணில் தனியாக ஆறு தகரப் பெட்டிகள் இருந்தன. "அதெல்லாம் போலீஸ் கேசுக்கு எடுத்தது. ரயில்ல அடிபட்டவங்க, அனாதைப் பொணம். நீங்க பாக்க வேணாங்க்கா. அப்படியே கட்டி அனுப்பிடலாம்" என்றாள்.

சரி என்றேன். அவற்றைப் பார்க்க எனக்கு ஒரு அவசியமும் இல்லை.

ஜூன் 10, புதன்

வேலை பிடிபட்டுவிட்டது. பஞ்சால் துடைப்பது, பட்டர் பேப்பர் உறையில் போடுவது, பின்பக்கம் பென்சிலால் எண் எழுதுவது. பேனா கூடாது, மை ஊறிவிடும்.

அச்சுப் படங்கள் சுலபம். கல்யாணம் கல்யாணத்தோடு, தேர் தேரோடு என்று சூசையே பிரித்து வைத்திருக்கிறார். சிக்கல் கான்டாக்ட் ஷீட்டில்தான். ஒரு ஃபிலிம் சுருளை ஆறு ஆறு படமாக வெட்டி, ஒரே தாளில் வரிசையாக அடுக்கி அப்படியே அச்செடுத்தது. எல்லாம் தபால்தலை அளவு. எதைப் பெரிதாக்கலாம் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பாராம். அதில் எதுவும் பிரிந்திருக்காது. எடுத்த வரிசையிலேயே இருக்கும். காலையில் ஒரு குழந்தைக்குக் காது குத்து. அடுத்த படத்தில் தண்டவாளத்தோரம் சாக்குப் போட்டு மூடிய ஏதோ ஒன்று. அதற்கடுத்து கட்சிக் கூட்டம். ஒரு ஃபிலிமையும் வீணாக்காத மனிதர்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்டார். "எந்த வருஷத்துல இருக்க?"

"அறுபத்தொம்போதுப்பா."

"ம்." அதற்குமேல் கேட்கவில்லை. அப்பாவுக்குப் பழைய ஊரைப் பார்க்க ஆசை போலிருக்கிறது. பெரிய கோயில் தெப்பத்தின் படம் ஒன்று இருந்தது, அதைப் பற்றிச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

ஜூன் 13, சனி

பிலோமினா சனிக்கிழமைகளில் வருவாள். இன்று டீ வாங்கி வந்தாள். பேச்சுவாக்கில், "உங்க கல்யாணத்துக்கும் எங்கப்பாதான் எடுத்தாராக்கா?" என்றாள்.

"அவர்தான். எண்பத்தாறு ஆவணியில. ஆனா பாதியில போயிட்டாரு, உடம்பு முடியலன்னு. என் ஆல்பத்துல தாலி கட்டுற படமே கெடையாது."

"எங்கப்பாவா?" அவள் நம்பவில்லை. "ஜொரத்தோட போயி நின்னு எடுப்பாரே! அம்மா செத்த மூணாம் நாளே கேமராவ எடுத்துக்கிட்டு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனாரு. அவரா பாதியில வந்தாரு?"

இருக்கலாம். என் கல்யாணத்தில் வராமல் போனவை நிறைய. அண்ணனே வரவில்லை.

அண்ணன் பெயர் கொளஞ்சிநாதன். அப்போது இருபத்து நான்கு வயது. மாப்பிள்ளை நெய்வேலிக்காரர். அவரைப் பற்றி அண்ணனுக்கு யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். இந்த இடம் வேண்டாம் என்று கத்தினான். அப்பா கை நீட்டிவிட்டார். மறுநாள் காலையில் வீட்டைவிட்டுப் போனவன் திரும்பவில்லை. கோபித்துக்கொண்டு வடக்கே எங்கோ போய்விட்டான் என்பதுதான் எங்கள் வீட்டில் சொல்லிக்கொள்வது. அவன் இல்லாமலே கல்யாணம் நடந்தது.

நெய்வேலியில் நான் இருந்த நாலு வருஷத்தைப் பற்றி எழுதுவதாக இல்லை.

ஜூன் 16, செவ்வாய்

மின்சாரம் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் தைலம் வாங்கினேன். அப்பா: "எந்த வருஷம்?" நான்: "எழுவத்தி நாலு."

ஜூன் 22, திங்கள்

எழுபத்தொன்பது முடிந்தது. அடுத்து எண்பத்தாறை எடுத்துவிட்டேன். நடுவில் உள்ளவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எண்பத்தாறில்தான் பூச்சி அதிகம் என்று தோன்றியது.

பரணில் ஒட்டடை அடிக்கும்போது தகரப் பெட்டி ஒன்று கைக்கு எட்டியது. மூடி சரியாக உட்காரவில்லை. சரிசெய்வதற்காகத் திறந்தேன். எண்பத்தைந்திலிருந்து எண்பத்தேழு வரை என்று எழுதியிருந்தது. எப்போதோ மழைத் தண்ணீர் இறங்கி, உள்ளே படங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி கட்டியாகிக் கிடந்தன. பிரிக்கவே முடியாது. ஓரத்தில் நகத்தால் நெம்பிப் பார்த்தேன், தோல் மாதிரி உரிந்து வந்தது. மேலே இருந்த படத்தில் பாதி முகம் மட்டும் தெரிந்தது. அவனில்லை.

கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன். வாடை போகவில்லை.

அப்பாவிடம் எண்பத்தாறு என்று சொன்னேன். சோற்றில் கையை வைத்தபடியே இருந்தார்.

"எழுவத்தொம்போதுக்கு அப்புறம் எம்பதுதானே வரும்?"

"பூச்சி அரிக்குதுப்பா."

"அந்த வேல ஒனக்கு வேணாம்மா. அந்த நாத்தத்த மோந்துக்கிட்டு... நெஞ்சுல சளி கட்டிக்கும். நான் பிலோமினா கிட்ட சொல்லிடறன்."

"பாதியில விட முடியாதுப்பா" என்றேன். அம்மா மோர் ஊற்ற வந்தாள். அப்பா வேண்டாம் என்று இலையை மடித்தார்.

ஜூன் 26, வெள்ளி

இன்று ஸ்டுடியோவுக்குப் போகவில்லை. அம்மாவோடு மணவாளநல்லூர் போய்வந்தேன். கொளஞ்சியப்பர் கோயிலில் வருஷா வருஷம் அம்மா பிராது கட்டுவாள். நமக்கு நேர்ந்ததை ஒரு தாளில் எழுதிச் சாமியிடம் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னிதியில் இருக்கும் வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். சாமி விசாரிப்பார். எழுதுவது நான்தான். என் மகன் கொளஞ்சிநாதன் எங்கிருந்தாலும் வீடு வந்து சேர வேண்டும். இருபது வருஷத்துக்கும் மேலாக அதே வரி.

மற்ற வருஷங்களில் அப்பா கூட வந்து, வெளியே ஆட்டோவிலேயே உட்கார்ந்திருப்பார். உள்ளே வரமாட்டார். இந்த வருஷம் வயிற்று வலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்.

நாங்கள் திரும்பியபோது கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். சட்டை மாற்றியிருந்தார். வயிறு எப்படி என்று கேட்டேன். தேவலை என்றார்.

ஸ்டுடியோ சாவியை வீட்டு ஆணியில் எப்போதும் பல் உள்பக்கம் இருக்கும்படி மாட்டுவேன். இன்று திருப்பி மாட்டியிருந்தது. காலையில் அவசரத்தில் நானே அப்படி மாட்டியிருப்பேன்.

ஜூலை 1, புதன்

எண்பத்தாறாம் வருஷத்துக் கான்டாக்ட் ஷீட்டுகளை எண் வரிசையில் அடுக்கினேன். நாற்பத்தொன்று இருக்கிறது. நாற்பத்து மூன்று இருக்கிறது. நாற்பத்திரண்டு இல்லை. முந்தையதில் பின்பக்கம் ஆகஸ்ட் என்று எழுதியிருக்கிறது, பிந்தையதில் செப்டம்பர்.

சூசை எண்ணுவதில் தவறியிருப்பார். அப்படித்தான் பட்டியலில் எழுதினேன்.

பிறகு அதை அழித்தேன். இத்தனை வருஷத்தில் அவர் ஓர் இடத்திலும் தவறவில்லை.

அலமாரியின் கீழ்த்தட்டில் தூசிமேல் நாலு விரல் பதிந்திருந்தது. என் விரல்களைவிடப் பெரியவை.

ஜூலை 3, வெள்ளி

அப்பா வருஷம் கேட்பதை நிறுத்திவிட்டார். நன்றாகச் சாப்பிடுகிறார். இன்று அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தார்.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஜூலை 6, திங்கள்

தாள் போனாலும் ஃபிலிம் இருக்கும். இது நேற்று முகம் கழுவும்போது சட்டென்று தோன்றியது. படம் பிடிப்பவர்களுக்குத்தான் அது தெரியும். மற்றவர்களுக்குத் தாளில் உள்ளதுதான் படம்.

நெகட்டிவ்கள் இருட்டறையில் பிஸ்கட் டப்பாக்களில் இருக்கின்றன, அதே எண்களோடு. நாற்பத்திரண்டு இருந்தது. உறையில் நான்கு துண்டுகள். ஒரு துண்டுக்கு ஆறு படம்.

ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். முதல் இரண்டிலும் பள்ளிக்கூட விழா. மூன்றாவதில் முதல் மூன்று படங்கள் ஒரு சுவரோரம் எடுத்தவை. கல்மேடை மாதிரி ஒன்று, அதன்மேல் ஓர் ஆள் படுத்திருக்கிறான். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். தலைமயிர் வெள்ளை. முகம் கரி. மூன்றாவது படத்தில் இன்னொருவர் வந்து அவன் கழுத்தருகே குனிந்திருக்கிறார். கக்கத்தில் ஒரு குடை.

நாலாவது படம், வாசலில் கட்டிய வாழை மரம். ஐந்தாவது, மாலை போட்ட பெண். எங்கள் வீட்டுப் பந்தல்தான். பெண் நான்தான். ஆறாவதில் பந்தல் வாசலில் அப்பா கைகூப்பி ஆட்களை வரவேற்றுக்கொண்டிருக்கிறார்.

நாலாவது துண்டில் ஒன்றுமே இல்லை. கண்ணாடி மாதிரி வெறும் ஃபிலிம். சூசை அதோடு நிறுத்திவிட்டார்.

நெகட்டிவில் யாரையும் இன்னார் என்று சொல்லிவிட முடியாது. குடை எல்லோரிடமும்தான் இருக்கும்.

ஜூலை 8, புதன்

ஸ்டுடியோவுக்குப் போகவில்லை. தலைவலி.

ஜூலை 11, சனி

பிலோமினா வந்தாள். துண்டை அவளிடம் நீட்டினேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெகுநேரம் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது பெரியாஸ்பத்திரி பொணக்கெடங்குக்கா. அந்தச் செவுரு எனக்குத் தெரியும், சின்ன வயசுல அப்பா கூடப் போயிருக்கன். வாசல்லயே நிக்க வெச்சிடுவாரு." பிறகு கடைசிப் படத்தில் அவள் விரல் நின்றது. "பொணத்த எடுத்த கேமராவத் தூக்கிக்கிட்டு அடுத்ததா ஒரு பந்தலுக்குப் போறாரு. லென்சு வழியா பாத்தா, அங்க பாத்த அதே ஆளு. சந்தனம் பூசிக்கிட்டு வாங்க வாங்கன்னு நிக்கிறாரு. எப்படிக்கா எடுப்பாரு?"

துண்டை வாங்கி உறைக்குள் போட்டேன்.

"இத புதுச்சேரியில குடுத்து பிரிண்ட் போட்டுத் தரட்டுமாக்கா?"

"வேணாம்" என்றேன். "தாள் வீட்ல இருக்குது."

இதைச் சொன்னபிறகுதான் அது எனக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது என்பதே தெரிந்தது.

ஜூலை 12, ஞாயிறு

அம்மா பக்கத்து வீட்டுச் சீமந்தத்துக்குப் போயிருந்தாள். அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"நாப்பத்திரண்டாம் நம்பர் ஷீட்டக் குடுங்கப்பா."

எந்த ஷீட்டு என்று கேட்கவில்லை. பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழுந்து போனார். தன் இரும்புப் பெட்டியைத் திறந்து, வேட்டிகளுக்கு அடியிலிருந்து அதை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

"கொளுத்தணும்னுதான் எடுத்தாந்தன். முடியல."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அண்ணன் தூங்குகிறவன் மாதிரி இருந்தான். நெற்றியில் ஓரமாக ஒரு காயம், அவ்வளவுதான். மூன்றாவது படத்தில் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அப்பா குனிந்து அவனுடைய சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார். யாரோ ஒருவன் என்றால் எவரும் பட்டன் போட்டுவிட மாட்டார்கள்.

"ரயில்வே ஸ்டேஷன்ல வேல பாத்த ஒருத்தரு சொன்னாரு. நெய்வேலி லைன்ல ஒரு பையன் விழுந்து கெடக்குறான், ஒங்க பையன் ஊர்லதான இருக்கான்னாரு. போனன். போலீஸ்காரரு துணிய வெலக்கி, ஒங்க பையனான்னு கேட்டாரு." நிறுத்தினார். "இல்லன்னுட்டன்."

"ஏம்ப்பா?"

"மூணு நாள்ல கல்யாணம். பந்தக்கால் நட்டாச்சு. ஊரெல்லாம் பத்திரிக வெச்சாச்சு. எழவு விழுந்த வீட்ல எவன் பொண்ணெடுப்பான்? தானா விழுந்தானா, குதிச்சானான்னு ஊரு கேக்கும். அதுக்கப்பறம் ஒனக்கு எந்த எடம் வரும்? கல்யாணம் முடிஞ்ச ஒடனே போயி, ஆமா என் பையன்தான்னு சொல்லித் தூக்கியாந்துடலாம்னு நெனச்சன் அரசி. போனன். பொதச்சிட்டாங்க. வாய் தொறந்து இல்லன்னு சொன்னவன், அப்பறம் போயி என்னான்னு சொல்றது? ஒங்கம்மாட்ட என்னான்னு சொல்றது?"

அப்பா அழவில்லை. கடைசி வாக்கியத்தைப் பலமுறை தனியாகச் சொல்லிப் பார்த்தவர் போல இருந்தது.

"அவன் சட்டப்பையில டிக்கெட் இருந்துச்சா?"

தலையைக் குனிந்துகொண்டார். "இருந்துச்சி. நெய்வேலியிலேர்ந்து விருத்தாசலம்."

"அப்ப திரும்பி வந்துக்கிட்டிருந்திருக்கான். கோவிச்சுக்கிட்டுப் போவல."

"ம்."

"என்னாத்த விசாரிச்சுக்கிட்டு வந்தான்னு யோசிச்சீங்களாப்பா?"

நான் பார்த்தேன், அந்த நாலு வருஷமும் அவர் முகத்தில் வந்து போயின. நான் உதட்டில் தையலோடு திரும்பிவந்த ராத்திரி கதவைத் திறந்தவர் அவர்தான். அன்றும் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இத்தனை நாள் தெரியாது.

"அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்."

"நான் செத்தப்பறம் சொல்லிக்க."

"அம்மா அதுவரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே இருக்கணுமா?"

ஜூலை 13, திங்கள்

சொல்லவில்லை.

ஜூலை 15, புதன்

சொல்லவில்லை. அப்பா இரண்டு வேளையும் சாப்பிடவில்லை. அம்மா டாக்டரிடம் போகலாம் என்கிறாள். அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்க்க முடியாமல் மாடிக்குப் போய்விட்டேன். காயாத துணியை எடுத்து மறுபடியும் உதறிப் போட்டேன்.

ஜூலை 17, வெள்ளி

ஸ்டுடியோவில் வேலை செய்ய முடியவில்லை. எந்தப் படத்தை எடுத்தாலும் அதற்கு முந்தைய படம் எது என்று தேடத் தோன்றுகிறது. தாம்பாளம் ஏந்திச் சிரிக்கும் யாரோ ஒருவரைப் பார்த்து, இவர் முந்தாநாள் எங்கிருந்தார் என்று யோசிக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது விளக்குப் போடவில்லை. வாசல் கதவு திறந்திருந்தது. அப்பாவின் செருப்பைத் தேடினேன். செருப்பு இருந்தது.

கூடத்தில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். அப்பா அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல்லிவிட்டார் என்று தெரிந்தது.

அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. குரல் மட்டும் எப்போதும்போல இருந்தது.

"எங்க பொதச்சாங்களாம்?"

"ஆத்தோரம்" என்றார் அப்பா, திரும்பாமல். "இப்ப அங்க வீடு கட்டிட்டாங்க."

"எந்த வீடு?"

"தெரியல."

தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. பிறகு அம்மா என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். "அந்தப் படத்தக் குடு."

"வேணாம்மா."

"குடு அரசி."

தாளையும் பூதக்கண்ணாடியையும் கொண்டுவந்து கொடுத்தேன். விளக்கைப் போட்டேன். எந்தப் படம் என்று நான்தான் விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. பக்கத்திலேயே நான் மாலையோடு இருந்தேன். அம்மா அதைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் தாளோடு ஒட்டவைத்து, குனிந்து, அந்தத் தபால்தலை அளவுக்குள் முழுசாகப் போய்விட்டவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள், மார்பில் அடித்துக்கொள்வாள் என்று நான் பக்கத்திலேயே நின்றேன். அப்பாவும் அதற்குத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். தோள் இரண்டையும் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மா தலை நிமிரவே இல்லை.

"கழுத்துப் பட்டன ஏன் போட்டீங்க?" என்றாள். "அவனுக்கு மூச்சு முட்டுமே."